பொருந்திப்போன வாய்

வடபழனி, சென்னை
12.1.98

அக்காவுக்கு,

மாறன் எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன், மெஸ் சாப்பாடு இன்னும் ஆளைக் கொல்லவில்லை. உன் முதுகுவலி எப்படி? ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவில் நாள் முழுக்கக் குனிந்து காய் பொறுக்காதே என்றால் கேட்கவா போகிறாய். மாமாவையும் உன் மாமியாரையும் விசாரித்ததாகச் சொல்.

விசயம் இதுதான். நான் சவுண்டு அசிஸ்டெண்டாக வேலை பார்க்கிற படத்துக்குப் போடியில் ஷூட்டிங். அதுவும் உங்கள் கிட்டங்கித் தெருவிலேயே. கதையில் ஒரு டவுன், ஒட்டினாற்போல ரெண்டு தெரு. ஒன்று பெரிய சாதி. இன்னொன்று, அவர்கள் வாசலோடு நிறுத்துகிற சாதி. ஒருநாள் அடித்துக்கொள்கிறார்கள். டைரக்டர் நாலு ஊர் பார்த்துவிட்டு எதுவும் சரியில்லை என்று உட்கார்ந்திருந்தார். நான்தான் வாயைத் திறந்தேன். எங்கள் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரில் செட்டே போடவேண்டாம் சார், கிட்டங்கித் தெருவும் ஓடைத்தெருவும் ஏற்கெனவே போட்டுத்தான் இருக்கிறது என்றேன். போட்டோவைப் பார்த்ததும் துள்ளிவிட்டார்.

உன் வீட்டு ஜன்னலில் ஒரு மைக் கட்டுவேன். மாமாவிடம் இப்போதே சொல்லி வை. அப்புறம், காஸ்ட்யூமர் சங்கிலி அண்ணன் வருவார். வசதியான வீட்டுப் பொம்பளை கட்டுகிற, பழகின பட்டுப்புடவை ஒன்று வேண்டுமாம். கடைப் புடவை கேமராவில் பளபளவென்று பொய் சொல்லும். உன் மாம்பழக் கலர் புடவையைக் கொடு. பத்திரமாகத் திரும்பி வரும், அதற்கு நான் பொறுப்பு.

போன் பண்ணமாட்டேன். பூத்தில் நீ பேசினால் தெருவே காது வைக்கும். எழுது, சீக்கிரம் எழுது.

மாறன்


போடி
22.1.98

அன்புத் தம்பி மாறனுக்கு,

அக்கா எழுதுறது. இங்கன பிள்ளைக, மாமா, அத்தை எல்லாரும் சொகம். முதுகு வலிக்கிற அன்னைக்கு வலிக்குது, அது கெடக்கு. நீ இருமுறன்னு ஊர்க்காரக யாரோ சொன்னாக. சுக்கு வாங்கி வச்சிருக்கேன், ஆள் வந்தா குடுத்துவிடுறேன்.

மாமா மொதல்ல யோசிச்சாக. "நம்ம தெருவைக் கெட்டவன் தெருவாக் காட்டிருவானுகளா"ன்னு கேட்டாக. என் தம்பி இருக்கையில அப்படிச் செய்யமாட்டாகன்னு சொல்லி வச்சேன். சரின்னுட்டாக. புடவையும் தாரேன். அது என் கல்யாணத்துக்கு எடுத்தது, ஞாபகம் வச்சுக்க.

கிட்டங்கியில இதே பேச்சுத்தான். எனக்கு எதுத்தாப்புல உக்காந்து காய் பொறுக்குவாளே ஓடைத்தெரு சுகிர்தம், "ஏத்தா சந்தனம், உன் தம்பிகிட்டச் சொல்லி எனக்கு ஹீரோயின் வேசம் வாங்கிக் குடு"ன்னா. "உனக்கா? முன்பல்லு ரெண்டைக் காணோமே"ன்னேன். "அப்ப ஹீரோயினுக்கு அம்மா வேசம் கேளு, அழுகத்தானே போறேன், அதுக்குப் பல்லு எதுக்கு"ங்கிறா. எல்லாரும் சொளகைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சோம்.

ஒண்ணு சொல்லணும் தம்பி. போன வருசம் ரெண்டு தெருவுக்கும் கல்லடி நடந்தப்ப முதலாளி எங்களைத் தனித்தனியா உக்கார வச்சுட்டாரு. இந்தத் தை பெறந்துதான் மறுபடி சேந்து உக்காந்திருக்கோம். அதனால பாத்து நடந்துக்கங்க. சுகிர்தம் எங்க வீட்டு வாசல் வரைக்கும் வருவா. அதுக்கு மேல அவ வந்ததுமில்ல, நான் கூப்பிட்டதுமில்ல. அது அப்படியே ஓடிக்கிட்டிருக்கு.

எண்ணெய் தேச்சுக் குளி.

உன் அக்கா
சந்தனம்மாள்


வடபழனி
9.3.98

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். இருமல் நின்றுவிட்டது, சுக்குக்கு நன்றி. சொல்லாமல் கிளம்பினதற்குத் திட்டாதே. லாரி நிற்கவில்லை. உன் வீட்டுக்கதவும் சாத்தியிருந்தது.

உங்கள் ஊர்க்காரர்கள் மாதிரிக் கூத்து எங்கும் பார்த்ததில்லை. கிட்டங்கித் தெருப் பொம்பளை ஒருத்தியைக்கூடக் கேமரா முன்னால் விடமாட்டோம் என்று உங்கள் ஆண்கள் நின்றார்கள் இல்லையா, டைரக்டர் என்ன செய்வார்? ஓடைத்தெருப் பொம்பளைகளுக்குப் பட்டுக் கட்டிக் கிட்டங்கித் தெரு எஜமானிகளாக உட்கார வைத்தார். ஓடைத்தெருக்காரர்களாகக் கல்லெறிய ஆள் கேட்டபோது உங்கள் தெரு இளவட்டம் முழுசும் வந்து நின்றது, கல்லெறிய யாருக்குத்தான் கசக்கும். மேக்கப்மேன் அவன்களுக்கெல்லாம் முகத்தில் கரியைத் தடவினார். உங்கள் தெருச் சீனிச்சாமி மகனுக்கும் தடவினார். "அண்ணே, இதுக்கு மேல என்ன கறுப்பாக்கப் போறீக" என்று அவனே கேட்டுவிட்டான். ஓடைத்தெருவில் அவனைவிடச் சிவப்பாக நாற்பது பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் டைரக்டரிடம் சொன்னேன். "ஜனங்களுக்குப் பார்த்ததும் புரியணும் தம்பி" என்றார். அவ்வளவுதான் சினிமா.

ஆனால் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. எங்கள் படமெல்லாம் ஊமையாகத்தான் எடுப்போம், வசனத்தைப் பிறகு தியேட்டரில் பேசிச் சேர்ப்போம். கூட்டச் சத்தத்தை மட்டும் நான் தனியாக டேப்பில் பிடிப்பேன். கடைசி நாள் கட் சொன்ன பிறகும் டேப்பை நிறுத்தாமல் விட்டேன். வேனுக்குள் ஹெட்போனோடு இருந்ததால் வெளியே என்ன நடந்தது என்று தெரியாது. டேப்பில் மற்றதெல்லாம் கலங்கின இரைச்சல், உன் ஜன்னல் மைக்கில் ஒரு குரல் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. ஒரு பொம்பளை. ஒரே வார்த்தை. ஓடைத்தெரு ஆட்களைச் சொல்கிற அந்த வார்த்தை, இதில் எழுத எனக்குக் கை வராது. எந்த நடிகைக்கும் அப்படி வராது. அடிவயிற்றிலிருந்து வருகிறது. டைரக்டர் மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார். "படமே இதுல இருக்குடா" என்றார்.

நீ வாசலில்தானே நின்றிருப்பாய். யார் அது? கேட்டு எழுது.

மாறன்


போடி
30.3.98

தம்பி மாறனுக்கு,

எல்லாரும் சொகம். பெரியவனுக்கு அம்மை போட்டு எறங்கிருச்சு. கூடலூர்ப் பக்கம் நல்ல மழைன்னு சொல்றாக, இங்கன தூத்தல்தான். மாங்காய் வந்துருச்சு, உனக்கு வடு போட்டு வச்சிருக்கேன்.

புடவை வந்து சேந்துச்சு. பெட்டியில வச்சிருக்கேன்.

கிட்டங்கிக்கு இப்பப் போறதில்ல. முதுகு.

நீ கேட்டது யாருன்னு தெரியல. கூட்டத்துல எத்தனையோ பேரு. அந்தச் சத்தத்தை எடுத்துப் போட்டுரு தம்பி. படத்துக்கு அது வேணாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


வடபழனி
6.4.98

அக்காவுக்கு,

பெரியவனுக்கு வேப்பிலைத் தண்ணி ஊத்தியாச்சா? முதுகுக்கு டாக்டரைப் பார். தேனியில் எலும்பு டாக்டர் இருக்கிறார், மாமாவுக்கு வியாபாரம் எங்கேயும் ஓடிவிடாது, கூட்டிப்போகச் சொல்.

எடுத்துப் போடு என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். காரணம் எழுதவில்லை. ரெண்டு தெரு அடித்துக்கொள்கிற படத்தில் அந்த வார்த்தை இல்லாவிட்டால் எதற்குப் படம்? கரி பூசினது, பட்டுக் கட்டினது எல்லாம் பொய். முழுப் படத்திலும் பொய்யில்லாதது அந்த ஒரு சத்தம்தான். அதை எடுக்கச் சொல்கிறாய். தெரு மானம் போகும் என்று மாமா சொன்னாரா? போகட்டும். சொன்னவளுக்கு இல்லாத வெட்கம் தெருவுக்கு எதற்கு?

இன்னொன்று கேள். எடிட்டர் அய்யாத்துரை அண்ணன் அந்தச் சத்தத்துக்கு ஒரு வாய் தேடிக்கொண்டிருந்தார். கட் சொன்ன பிறகும் கேமரா கொஞ்சம் ஓடியிருக்கிறது. அதில் மாம்பழக் கலர் புடவை கட்டின பொம்பளை உன் வீட்டு வாசல்படியில் நின்று சட்டென்று வாயைத் திறக்கிறாள். சத்தத்தை அதன் மேல் வைத்தார். ஒட்டிக்கொண்டது. யார் தெரியுமா? உன் சுகிர்தம் அக்கா. கதைப்படியும் சரி, அந்தப் புடவை பெரிய வீட்டு எஜமானி வேசம்தானே. ஸ்கிரீன் முழுக்க அவர் முகம். ஹீரோயினே கேட்டவருக்கு இது போதாதா, போய்ச் சொல்லு.

மாறன்


வடபழனி
2.6.98

அக்காவுக்கு,

உனக்குக் கை ஒடிந்துவிட்டதா? ரெண்டு மாசமாக ஒரு வரி இல்லை. பூத்துக்குப் போன் போட்டேன், நீ வரமுடியாது என்று சொல்லிவிட்டதாக அந்தப் பையன் சொன்னான். வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா இல்லையா, அதையாவது எழுது.

ஜூலை முதல் வாரம் மிக்ஸிங். எல்லாச் சத்தத்தையும் சேர்த்து ஒன்றாக்கிவிடுவோம், அதற்குப் பிறகு ஒரு தும்மலைக்கூட எடுக்க முடியாது.

நீ சொல்லியிருக்கமாட்டாய் என்று தெரியும், அதனால் சுகிர்தம் அக்காவுக்கு நானே கிட்டங்கி விலாசத்துக்கு எழுதிவிட்டேன். எந்த இடத்தில் வருகிறார், என்ன வார்த்தை சொல்கிறார் எல்லாம் எழுதினேன். சந்தோசப்படட்டும்.

மாறன்


போடி
14.6.98

கர்த்தருடைய கிருபையால் தம்பி மாறனுக்கு, சுகிர்தம் எழுதுறது.

நானும் எம் பிள்ளைகளும் இருக்கோம். நீங்க சொகமா இருக்க ஜெபம் பண்றேன். உங்க கடுதாசி கிட்டங்கிக்கு வந்துச்சு. கணக்கப்பிள்ளை "வாசிச்சுக் காட்டவா"ன்னாரு. நான் ஆறாப்பு வரைக்கும் படிச்சவ, குடுங்கன்னு வாங்கிட்டேன். வாங்குனது நல்லதாப் போச்சு.

நான் அந்த வார்த்தையைச் சொல்ற மாதிரி படத்துல வருதுன்னு எழுதியிருக்கீக. தம்பி, நீங்க வண்டிக்குள்ள இருந்தீக, ஒண்ணும் பாக்கல.

உங்க அக்கா புடவைன்னு எனக்கு முதல்ல தெரியாது. கட்டி விட்ட பெறகுதான் தெரிஞ்சுச்சு. கழட்டிருவோமான்னு நெனச்சேன், சங்கிலி அண்ணன் நேரமில்லன்னாரு. உங்க அக்கா வீட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வச்சாக. வெயிலு. தண்ணி கேட்டேன். "நீதானம்மா இந்த வீட்டு எஜமானி, உள்ள போய்க் குடி"ன்னு சங்கிலி அண்ணன் விளையாட்டாச் சொன்னாரு. நானும் சினிமாதானேன்னு போயிட்டேன். அடுப்படிக்குப் போகல, முன்னறையில செம்புல இருந்ததைக் குடிச்சேன். வெளிய கிட்டங்கித் தெரு ஆம்பளைக சிரிச்சாக. "ஏலே, சந்தனத்துக்குச் சக்களத்தி வந்தாச்சு, புடவையோட வந்தாச்சு"ன்னு ஒருத்தர் கத்துனாரு. உங்க அக்கா மாமியா செம்பைத் தெருவுல உருட்டி விட்டாக. எல்லாரும் உங்க அக்காவைப் பாத்துச் சிரிச்சாக. அப்பத்தான் அந்த வார்த்தை வந்துச்சு.

தண்ணி குடிச்ச பெறகு நான் வாயைத் திறந்தது ஒரு தடவைதான். படியில நின்னு "சந்தனம்"ன்னு கூப்பிட்டேன். அதைத்தான் உங்க கேமரா பிடிச்சிருக்கு.

அவ என்னைச் சொன்னா. வாங்கிக்கிட்டேன். எங்களுக்கு அது புதுசு இல்ல. ஆனா அதை நானே சொன்னதா ஆக்கிராதீக. எந்தெரு முழுக்க அந்தப் படத்துக்குப் போகும். எம் பிள்ளைக போகும். பட்டுப்புடவை கட்டினதும் சொந்த சனத்தையே அந்த வார்த்தை சொல்றான்னு ஆகிப்போச்சுன்னா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு ஓடைத்தெருவுல நடப்பேன்?

உங்க அக்காமேல கோவப்பட்டு எழுதாதீக. அவ கிட்டங்கிக்கு வாரதில்ல. எதுத்தாப்புல வேற ஆள் உக்காந்திருக்கு.

இப்படிக்கு
சுகிர்தம்


வடபழனி
18.6.98

அக்கா,

விசாரிப்பெல்லாம் பிறகு.

சுகிர்தம் அக்கா எழுதியிருக்கிறார். படித்துவிட்டு நேராக ஸ்டுடியோவுக்குப் போய் டேப்பைப் போட்டேன். ஒரு தடவை போதும். காதை வைத்துச் சோறு தின்கிறவன் நான். கூடப் பிறந்தவள் குரல் எனக்குத் தெரியவில்லை. அதை எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டி, பார் எப்படி இருக்கிறது என்று பீத்தியிருக்கிறேன். அந்தத் தொனியில் நீ பேசி நான் கேட்டதே இல்லை. உனக்குள் அது எங்கே இருந்தது?

கோபப்படாதே என்று அவர் எழுதியிருக்கிறார். அவருக்கு இருக்கிற பொறுமை எனக்கு இல்லை. கூட உட்கார்ந்து ஒரே சொளகில் காய் பொறுக்கினவளை ஒரு செம்புத் தண்ணிக்கு அப்படிச் சொல்வாயா? யாரென்று தெரியவில்லை என்று எழுதினாயே, உன் கைதானே எழுதியது? நீ மார்ச்சிலேயே உண்மையை எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். புடவையைக் கேட்டது நான், ஊரைக் காட்டிக்கொடுத்தது நான், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டைரக்டரிடம் போனேன். சத்தத்தை எடுக்கவே மாட்டேன் என்கிறார். டப்பிங் நடிகையை வைத்துக் கத்த வைத்தோம், பொம்மைக் கடையில் அமுக்கினால் கத்துமே, அப்படி இருந்தது. துரத்திவிட்டார். சண்டை போட்டு ஒன்றே ஒன்று வாங்கியிருக்கிறேன். சுகிர்தம் அக்கா முகத்திலிருந்து அதை நகர்த்தலாம். காலித் தெரு ஷாட் ஒன்று இருக்கிறது, அதன் மேல் வைக்கலாம்.

அப்படி வைத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். முகத்தோடு வந்தால் போடிக்காரர்கள் அவர்தான் சொன்னார் என்று பேசுவார்கள், உன்னை யாரும் நினைக்கமாட்டார்கள். முகமில்லாமல் குரல் மட்டும் வந்தால் கிட்டங்கித் தெருவில் ஒரு ஆள் மிச்சமில்லாமல் கண்டுபிடிப்பான். அவர் தலையிலா, உன் தலையிலா, இதுதான் கேள்வி. மூன்றாவது வழி, டேப்பை நான் அழித்துவிடுவது. வேலை போகும். இனி எந்த ஸ்டுடியோவும் சேர்க்காது. செய் என்றால் செய்கிறேன்.

மாதம் முடிவதற்குள் பதில் வேண்டும்.

மாறன்


போடி
24.6.98

மாறனுக்கு,

உன் கடுதாசி வந்தப்ப மாமா வீட்டுல இல்ல. அதுவரைக்கும் நல்லது. பிள்ளைக சொகம்.

சிரிச்சாகடா. தெருவே சிரிச்சுச்சு. நான் அவளைச் சொல்லலேன்னா அந்தச் சிரிப்பு நிக்காதுன்னு தோணுச்சு. சொன்னதும் நின்னுருச்சு. "அதான் சந்தனம்"ன்னாக அத்தை. அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல எனக்கு ரெண்டாவது தடவை அவுகளே கொழம்பு ஊத்துனாக. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல ஊத்துனதில்ல.

இதுக்கு மேல எழுத வரல.

சுகிர்தம் வாயில இருந்து எடுத்துரு. மத்தது எதையும் தொடாத. வேலையப் போக்கிக்கிராத, நமக்கு அப்பா சொத்தா வச்சுட்டுப் போனாரு?

வடு மாங்காய் நல்லா ஊறியிருக்கு. ஆள் கெடைச்சா குடுத்துவிடுறேன்.

அக்கா


வடபழனி
5.7.98

அக்காவுக்கு,

முடிந்தது. காலித் தெருவின் மேல் வைத்துவிட்டேன். சுகிர்தம் அக்கா வாயைத் திறக்கிற ஷாட்டை அய்யாத்துரை அண்ணன் மொத்தமாகத் தூக்கிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஷாட்டில் மட்டும் வருகிறார். அவருக்கும் எழுதிச் சொல்லிவிட்டேன்.

ஒன்றும் சரியாகத் தோன்றவில்லை. மிக்ஸிங் முடிந்ததும் டைரக்டர், "இப்ப இன்னும் நல்லாயிருக்குடா, யாரு சொன்னான்னே தெரியல" என்று என் முதுகில் தட்டினார். எனக்குத் தெரியும் சார் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ஆகஸ்டில் ரிலீஸ். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொஞ்சநாள் இங்கே வந்து இரு. அந்த ஊர்த் தியேட்டரில் போய் உட்காராதே. போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். தப்பாகப் பேசினேன் என்று சொல்லவில்லை.

முதுகைப் பார்த்துக்கொள்.

மாறன்


போடி
31.8.98

அன்புத் தம்பி மாறனுக்கு,

உடம்பு எப்படி இருக்கு? இங்கன நல்ல மழை, ஓடையில தண்ணி வந்துருச்சு. பிள்ளைக பள்ளிக்கூடம் போறாக.

படத்துக்குப் போனேன். நீ அங்கன வரச்சொன்ன, வந்து இருந்துட்டு இங்கன திரும்பி வந்தா மட்டும் என்ன ஆகப்போகுது. முதல் நாளே ரெண்டு தெருவும் போயிருச்சு. யாரும் சொல்லல, ஆனா ஓடைத்தெருக்காரக முன்னால பெஞ்சுல, நாங்க பின்னால சேர்ல. நானும் மாமாவும் அத்தையும் நடுவாக்குல. கரி பூசுன நம்ம பயலுக வந்தப்ப ஒரே விசில். சீனிச்சாமி மகன் எந்திரிச்சுக் கும்பிடு போட்டான். ஓடைத்தெருப் பயலுக, "டேய் எங்காளு வந்துட்டான்டா"ன்னு கத்துனாக. அவனும் சிரிச்சான். அந்த நேரத்துக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

சுகிர்தம் நாற்காலியில உக்காந்த இடமும் வந்துச்சு. அவுக ஆளுக கைதட்டுனாக.

பெறகு அந்தத் தெரு வந்துச்சு, ஆளே இல்லாம. அது கேட்டுச்சு.

நான் அப்படியா கத்துனேன்? எனக்கே தெரியல.

முதல்ல அத்தை குனிஞ்சுக்கிட்டாக. மாமா அசையல. எங்க வரிசையில ஒவ்வொருத்தரா என் பக்கம் திரும்புனாக. முன்னால பெஞ்சுலயும் திரும்புனாக, அத்தனை பேரும். இருட்டுல கண்ணு மட்டும் தெரிஞ்சுச்சு. சுகிர்தம் மட்டும் திரும்பல.

இண்டர்வெல்ல விளக்கைப் போட்டதும் மாமா "வீட்டுக்குப் போவம்"னாக. எனக்குக் காலு முன்னாலதான் போச்சு. அவ பெஞ்சுக்கிட்டப் போய் நின்னேன். சொல்லணும்னு நெனச்சு வச்சிருந்தது எல்லாம் போயிருச்சு. அவ பேரைத்தான் சொன்னேன். அதுக்குள்ள விளக்கை அணைச்சுட்டாக. அவ நிமிந்து பாக்கல.

"படம் போட்டாச்சு, மறைக்காத"ன்னா.

மறைக்காம இருக்கணும்னா போகணும், இல்ல உக்காரணும். பெஞ்சு ஓரத்துல உக்காந்துட்டேன். அவ எனக்கு எடமும் விடல, எந்திரிச்சும் போகல. படம் முடியுற வரைக்கும் அங்கனயே இருந்தேன். பின்னால மாமா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாக. பெறகு கூப்பிடல.

வேளாவேளைக்குச் சாப்பிடு, இருமல் வந்தா விட்டுறாத. இனிமே வீட்டு விலாசத்துக்கு எழுதாத தம்பி. மறுபடி கிட்டங்கிக்குப் போறேன், அங்கன எழுது.

உன் அக்கா
சந்தனம்மாள்